அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் அன்றாட வாழ்வில் மனம் மகிழ என்ன இருக்கிறது? அங்கு வாழ்ந்தவர்கள் சொல்வீர்களா?

மானிப்பாய் ஆசிரியர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் மானிப்பாயில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். என் மருமகன் சிக்காகோவில் மேற்பயிற்சியை முடித்த வைத்தியர். வைத்தியர்கள் போதாத பகுதியொன்றில் 3 ஆண்டுகள் பணிபுரிந்தால், பயிற்சி முடிந்ததும் நாடு திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து விலக்குக் கிடைக்கும் என்ற ஏற்பாட்டின்படி, அவர் வருகிற யூலை மாதம் அயோவா மாநிலத்தில் ஏறத்தாழ 6,000 பேர் வாழும் ஓர் ஊருக்குக் குடும்பத்தோடு இடம்மாறுகிறார். பேரனுக்கு 9 வயது, பேத்திக்கு 5 வயது. நானும் மனைவியும் அவர்களோடு 6 மாதங்கள் தங்கியிருக்கப் போகிறோம்.

எங்கள் பக்கத்தில் அமெரிக்கா என்றால் நியூயோர்க்கின் உயர்ந்த கட்டடங்களையும் கலிபோர்னியாவின் கணினி நிறுவனங்களையும் பற்றித்தான் பேசுகிறார்கள். சிற்றூர்களைப் பற்றிச் சொல்ல எவரும் இல்லை. மகளோ, "அப்பா, அங்கே ஒன்றுமே இல்லையாம்" என்று தொலைபேசியில் கவலைப்படுகிறாள். அந்தச் சொல் என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. மானிப்பாய்க்கு முதல் தடவை வருகிற ஒருவருக்கும் இங்கே ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் மருதடிப் பிள்ளையார் கோயில் மணியோசையோடு எழுவதும், வாசிகசாலையில் பத்திரிகையை வாசித்துவிட்டு வெளியே மரநிழலில் நின்று நான்கு பேரோடு பேசுவதும், மாலையில் படலையடியில் நிற்கும்போது ஒழுங்கையால் போகிறவர்கள் துவிச்சக்கர வண்டியை நிறுத்தி நலம் விசாரிப்பதும் இல்லாவிட்டால் எனக்கு நாள் நகராது. இவற்றுக்கு ஈடானவை அங்கே என்ன என்பதை அறிய விரும்புகிறேன். சுற்றுலா இடங்கள் வேண்டாம். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை அந்த ஊரில் எப்படிக் கழியும் என்பதைச் சொன்னால் போதும்.

1847 ஆம் ஆண்டு மாசச்சூசெற்சிலிருந்து யாழ்ப்பாணம் வந்து, எங்கள் ஊரில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த கிறீன் வைத்தியரின் பெயரில் இன்றும் இங்கே வைத்தியசாலை இருக்கிறது. இப்போது எங்கள் வீட்டிலிருந்து ஒரு வைத்தியர் அங்குள்ள ஓர் ஊருக்குப் போகிறார். அந்த ஊரை என் பிள்ளைகள் விரும்ப வேண்டும் என்பதே என் ஆசை.

கோண்டாவிலான் எழுதுகிறார்:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். அயோவாவின் வடபகுதியில் 4,000 பேர் வாழும் ஊரொன்றில் 11 ஆண்டுகள் குடும்பத்தோடு இருந்துவிட்டுக் கடந்த ஆண்டுதான் கோண்டாவிலுக்குத் திரும்பினேன். உங்கள் கேள்வியை வாசித்துக் காட்டியதும் என் மனைவி, "முதலில் சோளத்தைப் பற்றி எழுதுங்கள்" என்றார். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஊரைச் சுற்றி அடிவானம் வரை நீங்கள் காணப்போகும் சோளம் அவித்து உண்பதற்கானதன்று. அது கால்நடைத் தீவனத்துக்கும் எதனோல் எரிபொருளுக்கும் போகிறது. உண்பதற்கான இனிப்புச் சோளத்தைச் சிறு துண்டு நிலங்களில் தனியாகப் பயிரிடுகிறார்கள். அது உங்கள் வருகையோடு, ஆடி மாதத்தில், முற்றத் தொடங்கும். முறித்த நேரம் முதலே அதன் சீனி மாப்பொருளாக மாறத் தொடங்கிவிடுவதால், காலையில் முறித்ததை மாலைக்குள் அவித்துவிட வேண்டும் என்பதில் அவ்வூரவர்கள் மிகக் கண்டிப்பானவர்கள். வீதியோரத்தில் ஒரு மேசையும், அதன்மேல் சோளக் குவியலும், பக்கத்தில் ஒரு தகரப் பெட்டியும் இருக்கும். விற்பவர் அங்கே இருக்க மாட்டார். பெட்டியில் பணத்தைப் போட்டுவிட்டுப் பொத்திகளை எண்ணி எடுத்துச் செல்ல வேண்டியதுதான். என் மகன் 6 வயதில், பணத்தைத் தானே போட வேண்டும் என்று காரிலிருந்து முதலில் இறங்கி ஓடுவான். ஒருவரும் பார்க்காத இடத்தில் சரியான தொகையை எண்ணிப் போடுவதை அவன் அங்கேதான் கற்றான். உங்கள் பேரனுக்கும் அந்த வாய்ப்பைக் கொடுங்கள்.

அயோவாவில் 99 மாவட்டங்கள் உள்ளன. உங்கள் மகள் போகும் ஊர் அவற்றில் ஒன்றின் தலைமையிடமாக இருந்தால், நடுவில் நீதிமன்றக் கட்டடமும் அதைச் சுற்றிப் புல்வெளியும், அதன் நான்கு பக்கமும் கடைத்தெருக்களும் பெரும்பாலும் அமைந்திருக்கும். நமக்குக் கோயிலும் நான்கு வீதிகளும் பழக்கமானவை என்பதால் அந்த அமைப்பு எனக்கு முதல் நாளே விளங்கியது. விடியற்காலை 6 மணிக்கு அந்தச் சதுக்கத்தின் ஒரு மூலையில் உள்ள உணவகத்தில் வயதான விவசாயிகள் கூடுவார்கள். ஒரு கோப்பை கோப்பிக்குப் பணம் கொடுத்தால், கோப்பை வற்ற வற்ற மேலும் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். மழை, சோளத்தின் விலை, யாருடைய முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை என்பவைதான் பேச்சு. முதல் 3 வாரங்கள் நான் தனியாக ஒரு மூலையில் இருந்தேன். ஒருநாள் ஒரு முதியவர் தம் பக்கத்துக் கதிரையை இழுத்து வைத்துவிட்டு, "உங்கள் ஊரில் என்ன பயிரிடுகிறார்கள்?" என்று கேட்டார். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத எங்கள் குடாநாட்டில், சுண்ணக்கல்லின் அடியில் தேங்கும் மழைநீரைக் கிணற்றால் இறைத்து வெங்காயமும் புகையிலையும் செய்கிறோம் என்று சொன்னேன். அவர்களுடைய நிலமோ கறுப்பு மண். அங்கே நீர் மிகையாகத் தங்கிவிடும் என்பதால், வயலுக்கடியில் குழாய்களைப் புதைத்து அதை வடியவிடுகிறார்கள். நாம் நீரை மேலே ஏற்றுவதற்கும் அவர்கள் அதைக் கீழே வடிப்பதற்கும் படும் பாட்டைப் பற்றி அன்று ஒன்றரை மணிநேரம் பேசினோம். வேலைக்குத் தாமதமாகப் போனேன். மறுநாளிலிருந்து அந்தக் கதிரை எனக்கென்றே காத்திருந்தது. ஐயா, உங்களுக்கான வாசிகசாலை அந்த உணவகம்தான்.

கோடைகாலத்தில் வாரத்துக்கு ஒரு மாலை பூங்காவின் மண்டபத்தில் ஊர் வாத்தியக் குழுவின் இசை இருந்தது. 1921 ஆம் ஆண்டு அயோவாவில் இயற்றப்பட்ட சட்டமொன்று, வாத்தியக் குழுவை நடத்துவதற்கென்றே ஊரவர்களிடம் சிறு வரி அறவிட ஊராட்சிகளுக்கு இடமளித்தது. பள்ளி மாணவியும் 70 வயது முடிதிருத்துநரும் அருகருகே இருந்து எக்காளம் ஊதுவதை நான் பார்த்திருக்கிறேன். மடக்குக் கதிரைகளோடு வந்தவர்கள் கைதட்டுவார்கள்; காருக்குள் இருந்தபடியே கேட்பவர்கள் பாட்டு முடிந்ததும் ஒலிப்பானை அழுத்துவார்கள். முதல் தடவை எனக்கு அது அநாகரிகமாகத் தோன்றியது. பின்னர், நடக்க முடியாத முதியவர்கள்தாம் காருக்குள் இருக்கிறார்கள் என்பதையும், அவர்களுடைய கைதட்டல் அதுதான் என்பதையும் அறிந்தேன். திருவிழாக் காலத்தில் வீதியில் நின்று தவிலும் நாதசுரமும் கேட்டு வளர்ந்த எனக்கு, திறந்த வெளியில் ஊரோடு சேர்ந்து இசை கேட்பதில் உள்ள மகிழ்ச்சி அங்கேதான் மீண்டும் கிடைத்தது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் நாள்தோறும் நண்பகலில் தீயணைப்பு நிலையத்தின் அபாயச் சங்கு ஒலித்தது. நாங்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் அதைக் கேட்டதும் என் மனைவி பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு மேசைக்கடியில் பதுங்கிவிட்டார். 1990 களில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அமெரிக்கச் சுதந்திர தினமான யூலை 4 ஆம் திகதி வாணவேடிக்கையும் அப்படித்தான். பகலில் தீயணைப்பு வண்டிகளும் பழைய உழவு இயந்திரங்களும் ஊர்வலமாக வர, அவற்றில் இருப்பவர்கள் எறியும் இனிப்புகளைப் பிள்ளைகள் ஓடி ஓடிப் பொறுக்குவது பேரின்பம். இரவில் வெடிச்சத்தம் தொடங்கியதும் நாங்கள் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தோம். எதிர்வீட்டு மூதாட்டி அதைக் கவனித்திருக்கிறார். அடுத்த ஆண்டு அவர் ஒரு தட்டில் பழப்பணியாரத்தோடு வந்து, வாணவேடிக்கை முடியும்வரை எங்களோடு வீட்டுக்குள் இருந்தார். நான்காவது ஆண்டில்தான் நாங்கள் மூவரும் வெளியே போய் வானத்தைப் பார்த்தோம்.

இலையுதிர்காலம் வந்ததும் வெள்ளிக்கிழமை மாலைகள் பள்ளி மைதானத்துக்கு உரியவை. அமெரிக்க உதைபந்தாட்டத்துக்கு ஒரு பக்கத்தில் 11 பேர் வேண்டும். அத்தனை மாணவர்கள் இல்லாத மிகச் சிறிய பள்ளிகளுக்காக அயோவாவில் 8 பேர் ஆடும் பிரிவொன்றும் இருக்கிறது. எவர் வென்றார் என்பதைவிட, யாருடைய பிள்ளை ஆடுகிறான் என்பதுதான் அங்கே பேச்சு. மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான துடுப்பாட்டத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை யாழ்ப்பாணம் திரள்வதைப் பார்த்த உங்களுக்கு, அது வாராவாரம் ஒரு குட்டி ஊரில் நடப்பதாக எண்ணிக்கொண்டால் போதும்.

சுன்னாகம் வாசகர் எழுதுகிறார்:

கோண்டாவில் அண்ணன் எழுதியவை உண்மை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் என் தமையனின் குடும்பம் கன்சாஸ் மாநிலத்தின் ஒரு சிற்றூரில் பட்ட பாட்டையும் ஆசிரியர் ஐயா அறிந்திருக்க வேண்டும். நெடுஞ்சாலையோரத்தில் பெரிய அங்காடியொன்று திறக்கப்பட்ட பின்னர், நகர் நடுவில் இருந்த கடைகளில் பாதி மூடப்பட்டுக் கண்ணாடிகளில் பலகை அடிக்கப்பட்டிருந்தது. பேருந்து என்ற ஒன்றே இல்லை. அண்ணிக்குக் கார் ஓட்டத் தெரியாததால், கார்த்திகையிலிருந்து பங்குனி வரை அவர் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தார். கறிவேப்பிலைக்கு 150 கிலோமீற்றர் போக வேண்டும். கோயிலும் அதே தூரத்தில்தான். அயலவர்கள் அன்பானவர்கள், வழியில் கண்டால் சிரிப்பார்கள், கையசைப்பார்கள். ஆனால் அந்தச் சிரிப்பைத் தாண்டி ஒரு வீட்டின் சமையலறைக்குள் போக அண்ணிக்கு 2 ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் அவர்கள் ரொறன்ரோவுக்கு மாறிவிட்டார்கள்.

இதைச் சொல்வது உங்களை அச்சுறுத்துவதற்காகவன்று. மகள் இப்போதே சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்துவிட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அது கையில் இல்லாத ஒருவருக்கு மேலே எழுதப்பட்ட இன்பங்களில் பெரும்பாலானவை எட்டா.

கோண்டாவிலான் மீண்டும் எழுதுகிறார்:

தம்பி சொல்வது முற்றிலும் சரி. எங்கள் சதுக்கத்திலும் 6 கடைகள் மூடிக் கிடந்தன. நாங்கள் இருந்த காலத்திலேயே மளிகைக் கடையும் போய்விட்டது. அதனால்தான் ஒன்றை வற்புறுத்துகிறேன்: வீடு பார்க்கும்போது, ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டப்பட்ட பெரிய வீடுகளைத் தவிர்த்து, சதுக்கத்திலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் முன்விறாந்தை உள்ள பழைய வீடொன்றை எடுங்கள். குளிரூட்டியும் தொலைக்காட்சியும் பரவுவதற்கு முன்னர் கட்டப்பட்ட வீடுகளில் அகலமான விறாந்தை இருக்கும். அதில் ஊஞ்சல் தொங்கும். மாலையில் நீங்களும் அம்மாவும் அங்கே இருந்தால், நாயோடு நடப்பவர்கள் நின்று பேசுவார்கள். நீங்கள் எழுதிய படலையடி அதுதான். யூனிலும் யூலையிலும் இருட்டியதும் புல்வெளி முழுவதும் மின்மினிகள் எழும். பேத்தி அவற்றைக் கண்ணாடிப் போத்தலில் பிடிக்க ஓடுவாள். உறங்கப் போகுமுன் திறந்து விட்டுவிடச் சொல்லுங்கள்.

வட்டுக்கோட்டைப் பெண் எழுதுகிறார்:

ஐயா, நான் அயோவாவை அறியேன். கிழக்கே வெர்மொன்ற் மாநிலத்தில் 1,800 பேர் வாழும் ஊரில் 14 ஆண்டுகளாக இருக்கிறேன். வெர்மொன்றின் மக்கள்தொகை ஏறத்தாழ 6,40,000 தான். யாழ் மாவட்டத்தைவிடச் சற்றே கூட, ஆனால் நிலப்பரப்போ அதைப்போல 24 மடங்கு. தலைநகரிலேயே ஏறத்தாழ 8,000 பேர்தான். ஆகவே, "ஒன்றுமே இல்லை" என்று உங்கள் மகள் சொன்னதை நானும் முதலாம் ஆண்டில் சொல்லி அழுதிருக்கிறேன்.

என் மனத்தை மாற்றியது ஒரு வாசனை. மாசி மாதக் கடைசியில், இரவில் நீர் உறைந்து பகலில் உருகும் நாள்களில், மேப்பிள் மரங்களில் பால் ஏறத் தொடங்கும். 40 ஆண்டளவு வளர்ந்த மரத்தில் சிறு துளையிட்டு வடிகுழாயைச் செருகி, வாளியிலோ நீண்ட பிளாஸ்ரிக் குழாய்களாலோ அந்த நீரைச் சேர்க்கிறார்கள். அது பார்வைக்குத் தண்ணீர் போன்றது. நூற்றுக்கு 2 பங்களவே சீனி இருக்கும். 40 லீற்றரைக் காய்ச்சினால் 1 லீற்றர் பாகு கிடைக்கும். பக்கத்துத் தோட்டத்தில் விறகடுப்பின் மேல் அகலத் தாச்சியில் அது கொதித்து, கூரைத் திறப்பால் வெண்ணிற ஆவி எழுவதைக் கண்டு நான் அங்கே போனேன். உள்ளே நுழைந்ததும் கண்ணீர் வந்துவிட்டது. அது என் அம்மம்மாவின் கொட்டிலில் கருப்பணி காய்ச்சும் வாசனை. சுண்ணாம்பு தடவிய முட்டியில் பனையிலிருந்து இறக்கியதை அவர் காய்ச்சிக் குட்டானில் வார்த்துப் பனங்கட்டி ஆக்குவார். அந்தத் தோட்டக்காரரிடம் நான் இதையெல்லாம் சொன்னபோது, மரத்தின் உச்சிக்கு ஏறி இறக்குகிறார்கள் என்பதை அவர் நம்ப மறுத்தார். இணையத்தில் படம் காட்டிய பின்னர் தம் மகனைக் கூப்பிட்டு, "இனி வாளி தூக்குவது கடினம் என்று சொல்லாதே" என்றார்.

அன்று அவர்கள் சூடான பாகை வெளியே கிடந்த புதுப் பனியின் மேல் ஊற்றினார்கள். அது உடனே இறுகி, முள்ளுக்கரண்டியில் சுற்றி உண்ணும் மென்மிட்டாயாகிறது. திகட்டாமல் இருக்க இடையிடையே புளிப்பு ஊறுகாய் கடிக்க வேண்டும். இனிப்புக்குப் புளிப்பு ஊறுகாயா என்று நானும் நினைத்தேன். உண்டு பார்த்தால் விளங்கும். இப்போது ஆண்டுதோறும் பாகு காய்ச்சும் 5 வாரங்களில் இரவு நேரத்தில் அடுப்புக்கு விறகு போடும் முறை எனக்கும் ஒன்று உண்டு. அதிகாலை 2 மணிக்கு, வெளியே பனி விறைத்துக் கிடக்க, அந்தக் கொட்டிலில் 4 பேர் நெருப்பைப் பார்த்தபடி அதிகம் பேசாமல் இருப்பதைப் போன்ற சுகத்தை நான் எங்கும் அனுபவித்ததில்லை.

மார்ச் முதலாம் செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டம். நீங்கள் செவ்வாய்க்கிழமை கேட்டதால் இதைச் சொல்கிறேன். வரவுசெலவுத் திட்டத்தை ஊரவர்களே பள்ளி மண்டபத்தில் நேரில் கூடி, வரி வரியாக விவாதித்துக் கையுயர்த்தி வாக்களிக்கிறார்கள். பனி அள்ளும் வண்டிக்குப் புதுச் சக்கரம் வாங்குவதா என்பதை ஒரு மணிநேரம் பேசியதைக் கேட்டிருக்கிறேன். குடியுரிமை இல்லாததால் எனக்கு அப்போது வாக்கில்லை. பின்வரிசையில் பின்னல் வேலையோடு இருந்தேன். நண்பகலில் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். காலையில் ஒருவரோடொருவர் முரண்பட்டவர்கள் மதியம் ஒரே மேசையில் அவரைக்காய்க் குழம்பைப் பரிமாறிக்கொண்டார்கள்.

ஓய்வுபெற்ற நூலகர் எழுதுகிறார்:

நூலகத்தை இதுவரை ஒருவரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். ஆசிரியர் ஐயாவுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஊர் நூலகத்தைப் போல உதவப்போவது வேறொன்றும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

சில ஆண்டுகளுக்கு முன் மகனைப் பார்க்கப் போயிருந்தபோது, நியூ ஹாம்ப்சயர் மாநிலத்தின் பீற்றர்பரோ என்ற சிற்றூருக்கு அவரைக் கொண்டு என்னை அழைத்துச் செல்ல வைத்தேன். ஊரவர்களின் வரிப்பணத்தில், எல்லோருக்கும் இலவசமாக நடத்தப்பட்ட பொது நூலகம் அமெரிக்காவில் முதன்முதலாக 1833 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது அங்கேதான். நம் யாழ்ப்பாண நூலகத்தின் தொடக்கம் 1933. அந்த 100 ஆண்டு இடைவெளியை எண்ணியபடி அதன் படிகளில் ஏறினேன். 1981 இல் நம்முடைய நூல்கள் எரிந்த இரவை அறிந்த ஒருவன், எந்த ஊரிலும் ஒரு பழைய நூலகத்தின் கதவைச் சாதாரணமாகத் திறந்து உள்ளே போய்விட முடியாது. அங்கிருந்த பணியாளரிடம் அதைச் சொன்னேன். அவர் என்னை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, நான் பேசி முடிக்கும்வரை கேட்டார்.

பீற்றர்பரோவுக்கு அடுத்த ஊரின் பெயர் ஜாவ்ரி. 1820 இல் யாழ்ப்பாணம் வந்து, தம் வாழ்வின் எஞ்சிய காலத்தின் பெரும்பகுதியை உடுவிலில் கழித்த அமெரிக்க மிசனரி லீவை ஸ்போல்டிங் பிறந்தது அந்த ஊரில்தான். மொனட்னொக் என்ற மலை அந்த ஊருக்கு மேலே எழுந்து நிற்கிறது. நல்லூர் வெளிவீதியில் மாலையில் மக்கள் நடப்பதைப் போல, அவ்வூரவர்கள் விடுமுறை நாளில் அந்த மலையில் ஏறி இறங்குகிறார்கள். மலையென்று ஒன்று இல்லாத நம் தட்டை நிலத்தில் அந்த மனிதர் அரை நூற்றாண்டு எதைப் பார்த்துத் தேறினாரோ என்று எண்ணினேன். உடுவில் மாலையையும் கிணற்றடிப் பேச்சையும் அவர் விரும்பக் கற்றிருக்க வேண்டும்.

அயோவாவுக்கு வருகிறேன். அன்ட்ரூ கார்னெகி என்ற செல்வந்தர் அமெரிக்கா முழுவதும் 1,600 க்கு மேற்பட்ட நூலகக் கட்டடங்களுக்குப் பணம் கொடுத்தார். அயோவாவில் மட்டும் ஏறத்தாழ 100. ஆனால் நிலத்தை ஊர் கொடுக்க வேண்டும், கொடையின் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஊரே ஒதுக்க வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. அந்த நிபந்தனை மிகவும் நல்லது. கட்டடத்தை எவரும் கொடுக்கலாம். ஆண்டுதோறும் தம் கைப்பணத்தைப் போட்டவர்கள்தாம் அதைத் தம்முடையது என்பார்கள். உங்கள் பேத்திக்குக் காலையில் கதை வாசிக்கும் நேரம் இருக்கும். பேரனுக்குக் கோடை விடுமுறை வாசிப்புத் திட்டத்தில் பெயர் பதியலாம். நீங்கள் கேட்கும் நூல் அங்கே இல்லையென்றால் வேறு ஊர் நூலகத்திலிருந்து தருவித்துத் தருவார்கள். வெளியே நிறை பனியாக இருக்கும் மார்கழி நாளில், வெதுவெதுப்பான வாசிப்பறையில் யன்னலோரக் கதிரை ஒன்று உங்களுக்குக் கிடைக்கும். முதல் வாரத்திலேயே போய் அட்டை எடுத்துவிடுங்கள், ஐயா.

மானிப்பாய் ஆசிரியர் எழுதுகிறார்:

உங்கள் எல்லோருக்கும் என் உளமார்ந்த நன்றி. இவற்றை அச்சிட்டு மகளுக்கு அனுப்பிவிட்டேன். சதுக்கத்துக்கு அருகில் விறாந்தை உள்ள பழைய வீடொன்றைப் பார்த்திருப்பதாகவும், வரும் சனிக்கிழமை வாகனம் ஓட்டும் தேர்வு என்றும் சொல்கிறாள். சுன்னாகம் தம்பிக்கு அதற்காகத் தனி நன்றி.

என் மனைவி ஒரேயொரு கேள்வி கேட்கச் சொல்கிறார். தம்பியின் அண்ணிக்கு அடுத்த வீட்டுச் சமையலறைக்குள் போக 2 ஆண்டுகள் பிடித்தன அல்லவா? தமக்கு 6 மாதங்கள்தாம் இருக்கின்றன, ஆங்கிலமும் அதிகம் வராது, ஆனால் 40 பேருக்குச் சமைக்கத் தெரியும், அது பயன்படுமா என்கிறார்.

வட்டுக்கோட்டைப் பெண் எழுதுகிறார்:

ஐயா, அம்மாவிடம் சொல்லுங்கள், அதைவிடப் பயன்படும் மொழி அங்கே இல்லை. தேவாலயத்திலும் பள்ளியிலும் தீயணைப்பு நிலையத்திலும், ஒவ்வொருவரும் ஒரு கறியோ பணியாரமோ கொண்டுவந்து நீண்ட மேசையில் வைத்து எல்லோரும் பகிர்ந்துண்ணும் விருந்துகள் அடிக்கடி நடக்கும். அமெரிக்காவில் தீயணைப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சம்பளம் பெறாத தன்னார்வலர்கள். சிற்றூர்களில் ஏறத்தாழ எல்லோருமே அப்படித்தான். அவர்கள் கருவிகள் வாங்கப் பணம் சேர்ப்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை நிலையத்தில் அப்பம் சுட்டுப் பரிமாறுவார்கள். வேற்று மதத்தவர், வேற்று நாட்டவர் என்று எவரையும் இவற்றில் ஒதுக்கி நான் கண்டதில்லை. அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தால் அதுவே அழைப்பு. சாப்பிட்டு முடிந்ததும் அம்மா நேரே பின்புறம் போய்க் கழுவும் தொட்டியடியில் நிற்கட்டும். என்னை முதன்முதலாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் அங்கே எனக்குப் பக்கத்தில் நின்று பாத்திரம் துடைத்த இரண்டு பெண்கள்.

முதல் தடவைக்குப் பருப்பு வடை நல்லது. செத்தல் மிளகாயைக் குறைத்துப் போடச் சொல்லுங்கள். என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு சிறு தாளில் எழுதி முன்னால் வையுங்கள், ஒவ்வாமை உள்ளவர்கள் பார்ப்பார்கள். எல்லாப் பாத்திரங்களும் ஒன்றுபோல இருப்பதால், அங்குள்ளவர்கள் பாத்திரத்தின் அடியில் ஒட்டுநாடாவை ஒட்டித் தம் பெயரை எழுதி வைப்பார்கள். அம்மாவும் அப்படியே செய்யட்டும். பெயரோடு வீட்டு இலக்கத்தையும் எழுதினால், மறந்து விட்டுவந்த பாத்திரத்தை யாராவது வாசலில் கொண்டுவந்து தருவார்கள். நம் ஊரில் போலவே அங்கும் அது வெறுமையாகத் திரும்பி வராது. அம்மா முதல் தடவை வேண்டுமென்றே மறந்துவிட்டு வரலாம்.